வழக்குச் சொத்து

தந்தத் தடையில் இருந்த விலக்கு முடிய இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அதைக் கொடுக்கும்போதே அரசாங்கம் இது தற்காலிகம் என்று தெளிவாகச் சொல்லியிருந்தது. ஆனால் தற்காலிகப் பாலமும் தற்காலிகக் கொட்டகையும் ஆயுசுக்கும் நிற்பதைப் பார்த்து வளர்ந்த ஜனம் அதை எங்கே நம்பும்? இப்போது நிஜமாகவே முடிக்கிறார்கள் என்று தெரிந்ததும் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். மேட்டுப்பாளையம் சாலையில் ஒரு பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் பதிவு முகாம். வரிசை வாசலைத் தாண்டி வேப்பமரம் வரைக்கும் நின்றது.

வனவர் பூங்கோதை காலை எட்டு மணியிலிருந்து முழங்காலும் இடுப்பும் மண்டையும் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தொரு வருட சர்வீஸில் அவள் தந்தம் எடுத்ததெல்லாம் செத்த யானைகளிடம்தான். கொம்பன் ஒன்று காட்டில் விழுந்தால், டாக்டர் அறுத்துப் பார்த்ததும் இரண்டு தந்தத்தையும் எடுத்து, எடை போட்டு, எண் பொறித்து, பேரேட்டில் எழுதி, இலாகாவின் பூட்டிய அறையில் கொண்டுபோய் வைக்க வேண்டும். உயிரோடு இருக்கிற மனிதர்களை நாற்காலியில் உட்கார வைத்து, அவர்களுக்குள் இருக்கும் தந்தத்தைக் கணக்கெடுக்கும் நாள் வரும் என்று யாராவது அப்போது சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள்.

"ஏனுங்கம்மா, இது என்ன நியாயம்?" என்றார் முழங்காலைக் காட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர். "நீங்களேதான் வெச்சுக்கலாம்னு சொன்னீங்க. இப்ப நீங்களே திருடனாட்டம் வரிசையில நிறுத்தறீங்க."

பக்கத்து மேசையில் இருந்த கால்நடை டாக்டர் இம்மானுவேல்தான் பதில் சொன்னார். இலாகாவில் பதினைந்து வருடமாக யானைகளை அறுத்துப் பார்ப்பவர் அவர். பொறுமைக்குப் பேர்போன மனுஷன்.

"ஐயா, உங்க முட்டியில இருக்கறது எந்த யானையையும் கொன்னு எடுத்ததில்லீங்க. தந்தத்தோட வேர்ல இருந்து கொஞ்சம் உயிரணு எடுத்து, தொட்டியில வளர்த்தது. வளர்தந்தம். மனுஷ எலும்போட அப்படியே ஒட்டிக்கும், உலோகம் மாதிரி உறுத்தாது. அதனால வைத்தியத்துக்கு மட்டும்னு தடையில இருந்து விலக்கு குடுத்தாங்க."

"அப்பறம் என்னவாம்?"

"தொட்டியில ஒரு துண்டு வளர எட்டு மாசம் ஆகுங்க. காட்டுத் தந்தத்தைச் செதுக்கி, மேல உயிரணுவைப் பூசிட்டா ரெண்டே வாரம். வாங்கறவனுக்கு வித்தியாசம் தெரியாது. தெரிஞ்சவன் சும்மா இருப்பானா? நாலு வருசத்துல எங்க கோட்டத்துல மட்டும் பதினொரு கொம்பன் போயிடுச்சு. விலக்குங்கற ஓட்டை வழியாத்தான் எல்லாம் நடந்துச்சு. அதான் அடைக்கறாங்க."

அந்தப் பதினொன்றைப் பற்றி அரசுக்கு அறிக்கை எழுதியதே பூங்கோதைதான். விலக்கை நீட்டிக்கவே கூடாது என்று அதில் தடித்த எழுத்தில் போட்டிருந்தாள். ஆணையில் அவள் வாக்கியம் இரண்டு அப்படியே வந்திருந்தது. அதில் அவளுக்குப் பெருமைதான், மறைப்பானேன்?

முகாமில் வேலை சுலபம். இலாகா கொடுத்திருந்த கருவியின் மயிரிழை ஊசி தந்தத்தைத் தொட்டுத் துளியூண்டு எடுத்துக்கொள்ளும். தொட்டியில் வளர்ந்ததென்றால் பச்சைச் சீட்டு வரும். காட்டிலிருந்து வந்ததென்றால் சிவப்பு. ஜோசியக்காரன் கிளிபோலச் சீட்டெடுப்பதால் ஊழியர்கள் அதைக் கிளி என்றே கூப்பிட்டார்கள். பச்சைச் சீட்டுக்காரர்கள் தங்கள் உடம்பிலுள்ளதற்குச் சட்டப்படி காப்பாளர்கள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம், வைத்தியம் பார்க்கலாம். சீட்டு இல்லாத தந்தத்தை எந்த டாக்டர் தொட்டாலும் ஜாமீன் இல்லாத குற்றம். முதல் ஐந்து நாளில் அறுநூறு பேருக்கு மேல் வந்து போயும் கிளி ஒரு சிவப்புகூட எடுக்கவில்லை. காட்டுத் தந்தமெல்லாம் வெளிநாட்டுக்குப் போயிருக்கும் என்று இம்மானுவேல் சொல்லிக்கொண்டிருந்தார்.

மத்தியானம் அவர் சாப்பிடப் போன நேரத்தில்தான் குழந்தைவேல் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தான். கணபதியில் லேத் பட்டறையில் வேலை. கையெல்லாம் எண்ணெய்க் கறுப்பு. மகள் பெயர் செவ்வந்தி, ஒன்பது வயது. ஆறு வயதில் தாடையில் கட்டி வந்து, இடப்பக்கத் தாடையைப் பாதி எடுத்துவிட்டு, அங்கே தந்தம் வைத்திருந்தார்கள்.

"வளர்ற புள்ளைங்களா, வருசத்துக்கு ஒருக்கா அதை வெட்டி, கொஞ்சம் தள்ளி வெச்சு, மருந்து வெக்கறாங்க. அதுவே நடுவுல வளர்ந்து மூடிக்குதுங்க. பதினெட்டு வயசு வரைக்கும் இப்படிப் பண்ணோணும்" என்றான். "அதுக்குத்தானுங்க இந்தச் சீட்டு. இல்லாட்டி தொட மாட்டேன்னுட்டாங்க."

"வாயைத் திற கண்ணு, பாக்கலாம்" என்றாள் பூங்கோதை.

செவ்வந்தி திறக்கவில்லை. "இது எந்த ஆனைதுங்க அக்கா?"

"எந்த ஆனைதும் இல்ல. தொட்டியில வளர்ந்தது."

"ஆனைக்கு வலிச்சிருக்குமா?"

"அடி வாயாடி! உனக்கு ஊசி வலிக்காது, அதைக் கேளு மொதல்ல" என்று கன்னத்தைத் தட்டினாள். குழந்தை சிரித்தபடியே வாயைத் திறந்தது.

கிளி சிவப்பு எடுத்தது.

பூங்கோதை சீட்டைக் கையில் மறைத்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். காட்டுத் தந்தம் என்பதோடு நிற்கவில்லை. இலாகாவின் பூட்டிய அறையில் உள்ள ஒவ்வொரு தந்தத்தின் மரபணுவும் கிளியின் நினைவில் இருந்தது. தந்த எண் 112, அதே விலங்கு என்று காட்டியது.

112 யாருடையது என்று தேடிப் பார்க்க வேண்டிய தேவையே அவளுக்கில்லை. அது வாத்தியார். தினமும் பள்ளிக்கூடச் சுவரோரம் வந்து நின்று பிள்ளைகள் பாடுவதைக் கேட்டுக்கொண்டிருந்ததால் ஊர்க்காரர்கள் அந்தக் கொம்பனுக்கு வைத்த பெயர். நாலு வருடத்துக்கு முன்னால் ஓடைச் சேற்றில் வலப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அவள்தான் முதலில் போனாள், தனியாக. இம்மானுவேல் வந்து சேர நாலு மணி நேரம் ஆனது. அதுவரை ஈ ஓட்டிக்கொண்டு, பாதி முகம் இல்லாத அந்தத் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். இடத் தந்தத்தைத் தாடையோடு வெட்டி எடுத்துப் போயிருந்தார்கள். வலத் தந்தம் உடம்புக்கடியில் சேற்றில் புதைந்திருந்ததால் தப்பியது. அதுதான் 112. இடத் தந்தத்தைத் தேடி அவள் கேரள எல்லைக்கும் கர்நாடக எல்லைக்கும் அலைந்ததற்கு அளவில்லை.

இப்போது அது எதிரே நாற்காலியில் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"எந்த ஆஸ்பத்திரியில வெச்சாங்க?" என்று கேட்டாள். குரல் அவளுக்கே வேறு மாதிரி கேட்டது.

"அது மூடிட்டாங்க. டாக்டரும் வெளிநாடு போயிட்டாருன்னாங்க. ஏனுங்க மேடம், ஏதாச்சும் கோளாறுங்களா?"

முதலில் வந்தது கோபம்தான். இந்த ஆள் மேல்கூட வந்தது. பிறகு அவன் கையிலிருந்த பிளாஸ்டிக் உறையைப் பார்த்தாள். மூன்று வருட ஆஸ்பத்திரிச் சீட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கி, நூல் கோத்துக் கட்டி வைத்திருந்தான். ஏமாந்தவன்தான், திருடனில்லை. சிவப்புச் சீட்டைக் கொடுத்தால் சட்டத்துக்கு ஒரு குறையும் வராது. இந்தப் பிள்ளையின் முகம் மட்டும் வளர்ந்துகொண்டே போகும். தாடை நின்ற இடத்திலேயே நிற்கும்.

கருவி சரியாக இருக்கிறதா என்று தினமும் காலையில் பார்க்க ஒரு வளர்தந்தத் துண்டு கொடுத்திருந்தார்கள். பூங்கோதை வாசலைப் பார்த்தாள். இம்மானுவேல் இன்னும் வரவில்லை. சிவப்பை ரத்து செய்துவிட்டு, குழந்தையின் எண்ணைப் போட்டு, மேசைக்கடியில் அந்தத் துண்டின்மேல் ஊசியை வைத்தாள். பச்சைச் சீட்டு வந்தது.

"கோளாறெல்லாம் இல்லீங்க. கிளிக்குத் தூக்கம், அவ்வளவுதான்" என்று கொடுத்தாள். குழந்தைவேல் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

மெஷினை மட்டும் நம்பாத இலாகா ஆயிற்றே, கையால் எழுதும் பேரேடும் உண்டு. பெயர், வயது, உடம்பில் எந்த இடம், எந்தப் பக்கம், குறிப்பு. பூங்கோதை ஒரு கண்ணை வாசலில் வைத்துக்கொண்டு பேனாவை எடுத்தாள். சட்டென்று எழுதி முடித்து, "அடுத்த ஆளு வாங்க" என்றாள்.

மூன்று வாரம் கழித்து உதவி வனப்பாதுகாவலர் ஜெகவீரன் அவளை அறைக்குக் கூப்பிட்டார். திருச்செந்தூர்ப் பக்கத்து ஆள். வேட்டைத் தடுப்புக் காவலராகச் சேர்ந்து படிப்படியாக மேலே வந்தவர். மேசையில் அவளுடைய பேரேடு விரித்து வைத்திருந்தது.

"இந்த வரியை வாசிம்மா" என்றார்.

அவள் வாசித்தாள். செவ்வந்தி, 9, கீழ்த்தாடை. இடது. ஜோடி: தந்த எண் 112.

பூங்கோதை அந்த வரியை இன்னொரு தரம் வாசித்தாள். எழுதிய ஞாபகமே இல்லை. ஆனால் எழுத்து அவளுடையது, சந்தேகமே இல்லை. யானைத் தந்தப் பேரேட்டில் ஒற்றைத் தந்தத்தை அப்படியே எழுதக் கூடாது. இடது என்று எழுதினால் அதன் ஜோடி எங்கே என்று உடனே எழுத வேண்டும். ஜோடி கிடைக்காதவரை கோப்பை மூட முடியாது. இருபத்தொரு வருடமாக எழுதி எழுதி, இடது என்று முடித்ததும் கை தானாகவே அடுத்த சொல்லுக்குப் போய்விட்டிருந்தது. மனசு முழுக்க அந்த எண்தான் இருந்திருக்கிறது. கை அதையும் எழுதிவிட்டது.

"தொட்டியில வளர்ந்ததுக்கு ஏதும்மா ஜோடி?" என்றார் ஜெகவீரன். "வேற யாரும் பாத்திருந்தா ஏதோ கிறுக்கியிருக்குன்னு போயிருப்பான். காட்டு இலாகாக்காரன் கண்ணுல பட்டாத்தான் இது விளங்கும். பட்டுப்போச்சே, நான் என்ன செய்ய?"

"சார், அடிச்சுட்டு எழுதிடறேன் சார். சின்னப் புள்ளை."

"பக்கம் பக்கமா படம் எடுத்து மெட்ராஸுக்குப் போயி நாலு நாளாச்சு. இன்னைக்கு நான் மூடுனா, நாளைக்கு அங்க ஒருத்தன் கேப்பான். அப்போ உன்னோட நானும் உள்ள போவணும்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மெஷின் கோளாறுன்னு எழுதுதேன். உன்னைய காப்பாத்திருதேன். அந்தப் புள்ளைய என்னால முடியாதும்மா."

அவர் கெட்ட மனுஷனில்லை. கெட்டவனாக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பாள்.

செவ்வந்திக்கு மறுபடி ஊசி வைத்தார்கள். மறுபடி சிவப்பு. அதற்கப்புறம் நடந்ததுதான் யாருமே யோசித்திராதது. சாதாரணக் காட்டுத் தந்தமாக இருந்திருந்தால் சீட்டு மறுக்கப்பட்டதோடு நின்றிருக்கும். இதற்கு ஒரு வழக்கே காத்துக்கொண்டிருந்தது. வாத்தியாரைக் கொன்ற வழக்கில் இத்தனை நாள் கிடைக்காத இடத் தந்தம் இது. ஆகவே இது வழக்குச் சொத்து. வழக்குச் சொத்தை நீதிமன்றத்தில் ஆஜர்படுத்த வேண்டும். செவ்வந்தி சீருடையோடு கோர்ட்டுக்குப் போய் வாயைத் திறந்து காட்டினாள். குற்றவாளியைக் கண்டுபிடித்து வழக்கு முடியும்வரை மேற்படி பொருளை வெட்டவோ, நீட்டவோ, எந்த விதத்திலும் மாற்றவோ கூடாது என்று உத்தரவானது.

ஏப்ரலில் செய்ய வேண்டிய ஆபரேஷன் நின்றது. ஆகஸ்டில் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேரவில்லை. அக்டோபரில் முகம் இடப்பக்கம் இழுத்துக்கொண்டது. சோறு மெல்ல முடியாமல் கஞ்சியும் பாலும்தான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேலி செய்கிறார்கள் என்று போவதையும் நிறுத்திவிட்டாள்.

குழந்தைவேல் வாரம் தவறாமல் இலாகா வாசலில் வந்து நின்றான். கத்தவோ சண்டை பிடிக்கவோ இல்லை.

"மேடம், நீங்க அன்னைக்குப் பச்சைச் சீட்டுக் குடுத்தீங்களே. அப்பறம் எப்படிங்க மாறுச்சு?" என்று ஒரு நாள் கேட்டான்.

"மெஷின் தப்பாக் காட்டிடுச்சுங்க" என்றாள்.

"ஓ" என்றான். "டாக்டர் சொல்றாருங்க, தாடை வளராம நாக்கு பின்னால தள்ளுதாம். தூங்கறப்ப மூச்சு நிக்குதுங்க. நானும் எங்கூட்டுக்காரியும் மாத்தி மாத்தி முழிச்சிருந்து புள்ளையை ஒருக்களிச்சுப் படுக்க வெக்கறோம். ஆறு மாசம் தாங்கினா பெரிசுங்கறாரு. ஜட்ஜய்யாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க மேடம். ஆனையைக் கொன்னவனைப் புடிங்க, வேண்டாங்கல. எம்புள்ளை என்னங்க பண்ணுச்சு?"

பூங்கோதையால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதாள். ஒரே ஒரு சொல். அந்த ஒரு சொல்லை எழுதாமல் இருந்திருந்தால் இந்தப் பிள்ளை இந்நேரம் முறுக்குக் கடித்துக்கொண்டிருக்கும்.

அரசு வழக்கறிஞர் கமலநாதனைப் பார்க்கப் போனாள்.

"மனு போட்டாச்சும்மா, தள்ளுபடி" என்றார் அவர். "சாட்சியப் பொருளை மாத்த விட்டா, நாளைக்குப் பிடிபடறவன் இது அந்தத் தந்தமே இல்லம்பான். ஜட்ஜ் சொல்றதும் சட்டப்படி சரிதான். மேல்கோர்ட்டுல போட்டிருக்கோம். அடுத்த வருஷம் வரும்."

"வழக்கு முடிஞ்சா?"

"முடிஞ்சா பிரச்சினையே இல்லியே. உடம்போட ஒட்டினதைப் பிரிக்கச் சொல்ல மாட்டாங்க. அந்தப் பிள்ளையையே காப்பாளரா வெச்சு உத்தரவு போடுவாங்க. மறுநாளே ஆபரேஷன் பண்ணலாம். ஆனா ஆள் யார்னே தெரியாத கேஸ் எப்படி முடியும்?"

"யாராச்சும் வந்து நான்தான்னு ஒத்துக்கிட்டா?"

"வாதமே கிடையாது. ஒரு வாரத்துல தீர்ப்பு." சிரித்தார். "யாரும்மா ஒத்துக்குவா? ஏழு வருஷம் வரைக்கும் உள்ள போடுவாங்க."

அவள் சிரிக்கவில்லை. கமலநாதனின் சிரிப்பும் மெதுவாக நின்றது. ஏதோ கேட்க வாயெடுத்தார், பிறகு கோப்பைப் புரட்ட ஆரம்பித்துவிட்டார்.

இம்மானுவேலிடம் மட்டும்தான் சொன்னாள். வேறு யாரிடம் சொல்ல இருக்கிறது? கல்யாணம் முறிந்து பதினோரு வருடம். அம்மா பொள்ளாச்சியில் தங்கை வீட்டில். டாக்டர் அப்போதுதான் ஒரு பிரேதப் பரிசோதனை முடித்துவிட்டு ஓடையில் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். பன்னிரண்டாவது கொம்பன். விலக்கு முடிந்தும் நிற்கவில்லை. வளர்தந்தம் கிடைக்காமல் போனதும் காட்டுத் தந்தத்துக்குக் கிராக்கி இன்னும் ஏறித்தான் இருந்தது.

"உனக்கென்ன கிறுக்குப் பிடிச்சிருக்கா?" என்று கத்தினார் அவர். இத்தனை வருடத்தில் அவர் கத்தி அவள் கேட்டதில்லை.

"அன்னைக்கு நாலு மணி நேரம் நான் தனியாத்தான் இருந்தேன் டாக்டர். யாரும் சாட்சியில்ல. நான் வெட்டி வித்துட்டேன்னா நம்புவாங்க."

"நம்பட்டும். அப்போ நிஜமா வெட்டினவன்? அந்தப் பிள்ளை தாடையில இருக்கறதுதான் நமக்குக் கிடைச்ச ஒரே நூல். அதைப் பிடிச்சுப் போனா ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரியில இருந்து தரகன், தரகன்கிட்ட இருந்து துப்பாக்கிக்காரன். வருஷம் ரெண்டானாலும் போயிடலாம். நீ நான்தான்னு சொன்ன நிமிஷம் கோப்பை மூடிடுவாங்க. யாரும் தேட மாட்டாங்க. அந்தா கிடக்கே, அதையும் அதே கூட்டம்தான் பண்ணியிருக்கும். நாளைக்குப் பதிமூணாவது விழும், பதினாலாவது விழும். அதுக்கெல்லாம் நீ பொறுப்பா?"

"ஆமாங்க."

"என்ன ஆமாங்க?"

"நான்தான் பொறுப்பு. தெரிஞ்சுதான் பண்றேன்." கிடந்த யானையைப் பார்த்தபடி சொன்னாள். "வாத்தியார் தலைமாட்டுல உக்காந்து, உன்னைக் கொன்னவனை விட மாட்டேன்னு சொன்னேன் டாக்டர். சத்தமாவே சொன்னேன். அந்த வாக்கு எனக்கு மறக்கலை. ஆனா ரெண்டு வருஷம் அந்தப் புள்ளைக்கு இல்ல. ஆறு மாசம் இருந்தா அதிகம். என் கை எழுதினதுக்கு அவ ஏன் சாகணும்?"

இம்மானுவேல் கையைத் துடைத்துக்கொண்டார். யானையின் மேல் போர்த்தியிருந்த தார்ப்பாய் காற்றில் அடித்துக்கொண்டது. "எங்கிட்ட கேட்டா நான் என்ன சொல்லணும்?" என்றார்.

"நீங்க வந்தப்போ என் கை ரத்தமா இருந்துச்சுன்னு சொல்லுங்க. அது நெசம்தானே? ஈ ஓட்டிட்டுத்தான் இருந்தேன்."

அவர் தலையை ஆட்டவுமில்லை, மறுக்கவுமில்லை. கோர்ட்டில் கேட்டபோது மட்டும், இருந்தது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் இறங்கிப் போனார்.

நீதிபதி ஒரு நடுத்தர வயது அம்மாள். யாராவது மிரட்டினார்களா, பணம் கொடுத்தார்களா என்று மூன்று தரம் கேட்டார். இல்லை என்று மூன்று தரமும் சொன்னாள். யாருக்கு விற்றாய் என்று கேட்டார். செத்துப்போன ஒரு தரகனின் பெயரைச் சொன்னாள். தந்தக் கடத்தலை ஒழிக்க அறிக்கை எழுதிய அதிகாரியே இதைச் செய்திருப்பது வெட்கக்கேடு என்று நீதிபதி சொன்னபோது கூடத்தில் முணுமுணுப்பு எழுந்தது. பின்வரிசையில் நின்ற ஜெகவீரன் தலையைக் குனிந்துகொண்டார். ஆறு வருடம் கடுங்காவல். பிறகு நீதிபதி அடுத்த தாளைப் புரட்டினார். வழக்குச் சொத்தான தந்தம் சிறுமி செவ்வந்தியின் காப்பிலேயே இருக்கட்டும், மருத்துவர்கள் தேவையானதைச் செய்யத் தடையில்லை என்று வாசித்தார். பூங்கோதை கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

பெண் காவலர் ஒருத்தி அவளை வெளியே நடத்தி வந்தாள். படிக்கட்டில் குழந்தைவேல் நின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் செவ்வந்தி, வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு.

"நில்லு" என்றான்.

இத்தனை மாதத்தில் அவன் அவளை ஒருமையில் பேசியதேயில்லை.

"உன்னை நம்பி வாரம் வாரம் வந்து நின்னனே. மேடம் மேடம்னு நின்னனே. ஆனையைக் கொன்னதும் நீதான், அதை எம்புள்ளை வாயில வெச்சதும் நீதான். எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே பச்சைச் சீட்டுக் குடுத்து மறைக்கப் பாத்திருக்கே, இல்ல? மெஷின் கோளாறுன்னு என் மூஞ்சியைப் பாத்துச் சொன்னயே. நீ மனுசியா? வெளங்குவியா நீ? நாசமாத்தான் போவே!"

காறித் துப்பினான். எச்சில் அவள் சேலை முந்தியில் விழுந்தது. பெண் காவலர் அவனைத் தடுக்கப் போனாள். வேண்டாம் என்று பூங்கோதை கையைக் காட்டினாள். செவ்வந்தி கைக்குட்டையை எடுத்துவிட்டு அவளையே பார்த்தாள். வாய் முழுசாக இடப்பக்கம் போயிருந்தது.

"ஆனைக்கு வலிச்சிருக்கும்ல?" என்று கேட்டது குழந்தை. சொற்கள் பாதி குழறின.

சொல்லிவிடலாம். ஒரு வாக்கியம் போதும். அந்த ஒரு வாக்கியத்தை இந்த ஆள் கேட்டால், நல்லவன், நேராக உள்ளே ஓடிப் போய் நீதிபதியிடம் சொல்லிவிடுவான். கோப்பு மறுபடி திறக்கும்.

"வலிச்சிருக்கும் கண்ணு" என்றாள் பூங்கோதை. பிறகு குழந்தைவேலைப் பார்த்து, "ஆஸ்பத்திரியில தேதி வாங்கிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"உனக்கெதுக்கு அது?"

"தீர்ப்போட நகல் உள்ள குடுப்பாங்க. இப்பவே வாங்கிட்டுப் போங்க. நாலு மணிக்கு மேல ஆபீஸ் மூடிருவாங்க."

அவன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று படியேறி உள்ளே போனான்.